நான் சாமியாக இருந்த மத்தியானம்

கட்டுமாவடிக்கும் எனக்கும் ஒத்துவராது என்பது தெளிவாகிவிட்டதால் நான் மேற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். அங்கே கருவாட்டுக் களத்தில் எனக்குக் காகம் விரட்டும் வேலை. காய்கிற மீனைக் காகம் தூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மத்தியானத்தில் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். காகங்கள் கண்ணயரவில்லை. களத்துக்காரர் கோபப்படக்கூட இல்லை. "தம்பி, நீ வாரதுக்கு முந்தி காக்கா இம்புட்டுக் கொழுப்பா இல்லை" என்றார். அதற்கு மேலும் அங்கே நிற்பது எனக்கே மரியாதையாகப் படவில்லை.

ஒவ்வொருவனும் தன் உடம்பில் நடப்பது தனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் உடம்பில் நடந்தது என்ன என்று ஓர் ஊரே கூடி எனக்குச் சொன்ன பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு இருபது வயசுக்குப் பக்கம். அரைகுறைப் படிப்பு (வாத்தியார் 'அரை' என்பதைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்). இலங்கையில் ரப்பர் தோட்டத்தில் கொஞ்ச காலம் பால் எடுத்தேன். அங்கே சம்பாதித்ததில் கடைசிவரை என்னை விட்டுப் போகாமல் நின்றது முறைக்காய்ச்சல் ஒன்றுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சூரியன் உச்சிக்கு வந்ததும் குளிர் பிடிக்கும். பல் அடித்துக்கொள்ளும், உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். பிறகு அனலாகக் கொதிக்கும். பிறகு வேர்த்து ஊற்றி, ஒன்றுமே நடக்காதது போல விட்டுவிடும். எங்கே இருந்தாலும் ஒரு மூலை பார்த்துச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். வேலை போனதற்கெல்லாம் காய்ச்சலைக் காரணம் சொல்ல முடியாது. பாதிக்குச் சொல்லலாம்.

அரிமளத்தில் செட்டியார் வீடு ஒன்று கட்டுகிறார்கள், சித்தாள் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆவுடையார்கோயில் சத்திரத்தில் படுத்து எழுந்து, புதுக்கோட்டைச் சமஸ்தான எல்லைக்குள் நுழைந்து, வண்டிப்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். பங்குனி வெயில். முந்தின நாள் காலையில் குடித்த பழையசோற்று நீச்சத்தண்ணிதான் வயிற்றில் கடைசியாகப் போனது. எனக்கு முன்னால் சலவை வேட்டி கட்டிய ஒரு பெரியவர், கல்யாணத்துக்குப் போகிறவர் போல மிடுக்காகப் போய்க்கொண்டிருந்தார். கல்யாணமென்றால் சாப்பாடு உண்டே என்று எட்டி நடந்து அவரோடு சேர்ந்துகொண்டேன்.

அவர் வேளார். அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்து கொடுக்கிறவர். விசேஷம் கல்யாணமில்லை. பக்கத்து ஊரில் புரவியெடுப்புத் திருவிழாவுக்குச் சாமியிடம் உத்தரவு கேட்கப் போகிறார்கள். கருப்பர் சாமி ஒருவர் மேல் இறங்கி, 'எடுங்கடா' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் ஊருக்குப் பெரியவரான அம்பலம் கண்மாயிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுப்பார். பிடிமண் வாங்கினால்தான் அவர் குதிரை வனையலாம். பழைய சாமியாடி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதிலிருந்து சாமி யார் மேலும் வெளிப்படவில்லை. வேளாரும் சட்டி பானையோடு காலம் தள்ளுகிறார்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். சோறு உண்டா?

"சாமி வெளிப்பட்டா கெடா வெட்டு. ஊருக்கே சோறு. வெளிப்படலைன்னா அவங்கவங்க வீட்டுக்குப் போயி பழையதைக் குடிக்க வேண்டியதுதான்."

எனக்குப் போக வீடு இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பக்தியோடு நான் எந்தக் கோயிலுக்கும் நடந்ததில்லை.

ஊர்ப்பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் எனக்குப் போக்குவரத்து இருக்கிறது. கோயில் திடலில் ஊரே நின்றது. ஓரத்தில் கிடா கட்டிக் கிடந்தது (நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், எங்கள் விருப்பங்கள் ஒத்துப்போகவில்லை). நடுவில் ஈர வேட்டியும் மாலையுமாக ஓர் ஆள் நட்ட கல் போல நின்றான். நல்ல திரேகம். பழைய சாமியாடியின் மகன் அடைக்கலம் அவன்தான் என்று வேளார் சொன்னார்.

அடைக்கலத்தின் நிலைமையையும் அவரே சொன்னார். வழிவழியாகச் சாமியாடுகிற வீடு. விரதத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சாமி வரமாட்டேன் என்கிறது. இன்றைக்கும் வராவிட்டால் சாமியாடும் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அதோடு போனால் பரவாயில்லை. ஊர் அம்பலம்தான் அவனுக்குத் தாய்மாமன். மகள் சிகப்பாயியை அவனுக்கென்றே வைத்திருந்தவர், பெண் சாமியாடி வீட்டுக்குத்தான், வெறும் வீட்டுக்கு இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். சிகப்பாயிக்கு வேறிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டும் போயிருக்கிறார்கள்.

"கொஞ்சம் ஆடித்தான் வைக்கட்டுமே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

வேளார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. வராத சாமியை வந்துச்சுன்னு எப்பிடிச் சொல்றதுங்கிறான். கோவம்னா என்னன்னே தெரியாத பய. மாடு முட்டுனாக்கூட மாட்டைத் தடவிக் குடுப்பான். அவன் மேல எப்பிடிக் கருப்பர் வரும்?"

உறுமி முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை அடைக்கலத்தின் தலையில் ஊற்றினார்கள். அவன் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, சாமியை உள்ளே இழுக்கப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறவன் போல எல்லாரையும் பார்த்தான். கூட்டத்தில் நின்ற சிகப்பாயி குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிப் பக்கம் போய்விட்டாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை போலிருக்கிறது.

சூரியன் உச்சிக்கு வந்தது. உள்ளங்காலில் ஆரம்பித்தது எனக்கு.

நான் ஒதுங்கப் பார்த்தேன். கூட்டம் வழிவிடவில்லை. அத்தனை பேரும் வேர்த்து விசிறிக்கொண்டிருக்க, நான் மட்டும் தை மாதத்துக் கோழி போல வெடவெடத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னைப் பார்த்தாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு போட்டாள் ஒரு குலவை. உறுமிக்காரர்கள் அடைக்கலத்தை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தார்கள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பல்தான் பேசியது. இரண்டு காதிலும் இரண்டு உறுமி. முதல் குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்ததும், அதுவரை சாதாரணமாக நடுங்கிக்கொண்டிருந்தவன் தரையைவிட்டே எழும்பினேன். "ஆஹா, துள்ளுது பாரு" என்றார்கள். இரண்டாவது குடம் ஊற்றினார்கள். குளிர்காய்ச்சல்காரனைப் பச்சைத்தண்ணீரில் குளிப்பாட்டினால் அவன் எப்படி ஆடுவான் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பழைய சாமியாடி ஒருநாளும் இப்படி ஆடியதில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

அம்பலம் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "வந்திருக்கது யாருன்னு தெரியணும்."

"கு... கு... குளிருது" என்றேன்.

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரு பெரியவர், பங்குனி வெயிலில் குளிருதுன்னா அது மனுசக் குளிரா என்று கேட்டார். சாமிக்கே குளிருகிறதென்றால் இந்த வருஷம் மழைக்குக் குறைவிருக்காது என்றார் இன்னொருவர். காலில் விழுந்து எழுந்த ஒருவர் மூக்கைச் சுளித்து, சாமி மேல் கடல் வாசம் அடிக்கிறதே என்றார். அதற்கும் பதில் கிடைத்தது. கருப்பர் இத்தனை நாளாக ராமேஸ்வரம் போயிருந்திருக்கிறார், இப்போதுதான் திரும்புகிறார். மூன்று வருஷமாக ஊரை அரித்த சந்தேகம் என் கருவாட்டு நாற்றத்தில் தீர்ந்தது.

வேண்டியது என்ன என்று கேட்டார்கள். போர்வை என்றேன். சாமிப் பெட்டியைத் திறந்து பட்டுத்துணியைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். சுடுகஞ்சி என்றேன். கருப்பர் இதுவரை சாராயமும் சுருட்டும்தான் கேட்டிருக்கிறார், கஞ்சி கேட்டதில்லை. பிரயாணக் களைப்பு என்று முடிவு செய்தார்கள்.

அரிமளத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவர் மட்டும் என் கண்ணையும் நகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு அம்பலத்தின் காதில் சொன்னார். எனக்கும் கேட்டது. "இது சாமியில்லைங்க. மலேரியா. உள்ள இருக்க நோவு வெளிய காட்டுற குறி இது. கொயினா குடுத்தா எறங்கிரும்."

அம்பலத்தின் முகம் கறுத்துவிட்டது. "மூணு வருசம் கழிச்சு வந்த சாமியை மருந்து குடுத்து எறக்கச் சொல்றீங்களா?"

கம்பவுண்டர் பின்வாங்கினார். இதற்குள் ஒரு டாணாக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அந்தக் காலத்தில் சமஸ்தானத்தில் நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டாலே போலீஸுக்குச் சந்தேகம். கொடி இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி, இந்த ஆள் எந்தக் கட்சி, என்ன வேண்டுமென்று ஆர்ப்பாட்டம் செய்கிறான் என்று விசாரித்தார். கஞ்சி கேட்கிறார் என்றார்கள். அது அரசாங்கத்திடம் கேட்டதில்லை என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

ஆக ஒரே நடுக்கம். ஊருக்கு அது சாமி, கம்பவுண்டருக்கு நோய், டாணாக்காரருக்குக் கலகம். எனக்கு அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. கிடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாமி ஆடுகிறவர் விழுந்துவிடாமல் பின்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வது வழக்கம். என் இடுப்பைப் பிடித்திருந்த கை இரும்பு போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அடைக்கலம். அவனுடைய சாமியை, அவனுடைய உரிமையை, அவனுடைய சிகப்பாயியை ஒரு வழிப்போக்கன் வந்து தட்டிப் பறித்துக்கொண்டிருக்கிறான். அவன் என் காதில் சொன்னது இவ்வளவுதான்.

"மெதுவா ஆடுங்க சாமி. கீழ கல்லுக் கெடக்கு."

அந்த நேரம் நடுக்கம் நிற்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். நின்றது. ஆனால் அடுத்தது தொடங்கியது. உடம்பு கொல்லன் உலை போலக் கொதித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பட்டுத்துணியைத் தூக்கி எறிந்தேன். சாமி உக்கிரமாகிவிட்டது என்றார்கள்.

அப்போதுதான் அம்பலம் அந்தக் குண்டைப் போட்டார். புதிதாகச் சாமி இறங்கினால் சோதனை உண்டு. சாமியின் அருவாளை அம்பலம் ஊருக்குள் எங்கேயோ ஒளித்து வைத்திருப்பார். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. வந்தது மெய்யான சாமி என்றால் நேராகப் போய் அதை எடுத்து வர வேண்டும். பொய்யாக ஆடியவனை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. சுற்றி நின்றவர்களின் தோள்களைப் பார்த்தேன்.

ஓடினேன். அருவாளைத் தேடி இல்லை. தண்ணீரைத் தேடி. என் இடுப்பை விடாமல் அடைக்கலமும், அவன் பின்னால் உறுமி, குலவை, ஊர், கம்பவுண்டர், டாணாக்காரர் எல்லாரும் ஓடி வந்தார்கள். இரண்டு தெரு தாண்டியதும் முள்வேலிக்கு நடுவே ஒரு தண்ணீர்ப்பரப்பு பளபளத்தது. அடைக்கலத்தின் பிடியை உதறி, வேலியைத் தாண்டிக் குதித்துக் கழுத்தளவு தண்ணீரில் அமிழ்ந்து, மாடு போல வாய் வைத்துக் குடித்தேன். அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது. கண்ணைத் திறந்தபோது குலவை நின்றிருந்தது. உறுமியும் நின்றிருந்தது.

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது குடிதண்ணீர் ஊருணி. வருஷம் முழுவதும் ஊர் குடிப்பது அந்த மழைத்தண்ணீரைத்தான். அதில் யாரும் குளிப்பதில்லை, துணி அலசுவதில்லை. படியில் இறங்குகிறவர்கள் கூடக் காலை வெளியே கழுவிவிட்டு வந்து, குடத்தை மட்டும்தான் தண்ணீருக்குள் விடுவார்கள். ஆடு மாட்டுக்கே தெரியும். எனக்கும் தெரியும். காய்ச்சலுக்குத்தான் தெரியவில்லை.

நான் யார் என்பது இப்போது உடனடியாகத் தெரிந்தாக வேண்டிய விஷயமாகிவிட்டது. கரையில் நின்று அம்பலம் ரொம்ப நிதானமாகப் பேசினார்.

"சாமின்னா இது தீர்த்தம். சாமி இல்லைன்னா..."

தண்ணீர் பட்டதும் எனக்குப் புத்தி தெளிந்திருந்தது. பொய் சொல்லித் தப்பிக்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அந்தச் சமயம் பார்த்து உண்மை வந்து தொலைத்தது.

"நான் சாமி இல்லீங்க. கட்டுமாவடியில கருவாடு காயப்போட்டவன்."

"கருவாட்டுக் காலா?" என்று கரையில் ஒரு கிழவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படியில் சிகப்பாயி நிறைகுடத்தோடு நின்றிருந்தாள். குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கரையில் கொட்டினாள். என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. அடைக்கலத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"குடிக்கிற தண்ணியில ஒருத்தன் காலை வச்சிட்டு நிக்கிறான். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே கூட வந்தீங்களே மச்சான், இன்னும் தடவிக் குடுக்கப்போறீங்களா?"

அடைக்கலத்தின் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. நான் தண்ணீர் மட்டத்தில் இருந்ததால் எனக்குத்தான் அது முதலில் தெரிந்தது. பிறகு முழங்கால். பிறகு தொடை. பிறகு அந்த மனுஷனின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. ரப்பர் தோட்டத்தில் மலை சரிந்தபோதுதான் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்கிறேன். அவன் கடைசிப் படியில் நின்றான். அந்த வெறியிலும் காலைத் தண்ணீரில் வைக்கவில்லை. குனிந்து என் குடுமியைப் பிடித்து, குடத்தைத் தூக்குவது போல என்னைத் தூக்கிக் கரையில் வைத்தான். வைத்தபின்னும் குடுமியை விடவில்லை. அப்படியே ஓடத் தொடங்கினான். குடுமி போன வழியே நானும் போனேன்.

அம்பலம் வீட்டுக் கொல்லை. வைக்கோல் போர். இடது கையில் என் குடுமி இருக்க, வலது கையைத் தோள்வரைக்கும் போருக்குள் விட்டான். அருவாளோடு கை வெளியே வந்தது.

அந்த அருவாள் எனக்குத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சடசடவென்று ஊர் முழுவதும் தரையில் விழுந்து கும்பிடுகிற சத்தம் கேட்டது. அம்பலம்தான் முதலில் விழுந்தார். அடைக்கலம், இல்லை, கருப்பர், மேல்மூச்சு வாங்க உத்தரவு சொன்னார். குதிரை எடுங்கள் என்றார். இரண்டு குதிரை என்றார். பிறகு குடுமியை ஒரு சுண்டு சுண்டி என்னை அண்ணாந்து பார்க்கவைத்தார்.

"இந்தக் காலு கடலைப் பாத்துச்சு. என் தண்ணியையும் பாத்துச்சு. இனி என் மண்ணைப் பாக்கட்டும்டா."

என்னை அடிக்க ஓங்கியிருந்த கைகளெல்லாம் இறங்கின. சாமி தண்டனை சொன்ன பிறகு மனுஷன் கை வைக்கக்கூடாது. தவிர, இவன் வந்து தண்ணீரில் இறங்காவிட்டால் சாமி வெளிப்பட்டிருக்காதே என்று அந்தக் கிழவரே எழுந்து சொன்னார். ஊருணித் தண்ணீர் தீர்த்தமா தீட்டா என்று ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்ததாம். எனக்கு அதில் கலந்துகொள்ளும் தைரியம் இல்லை.

அடைக்கலத்தின் மேல் வந்தது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாமி என்கிறார்கள். அத்தனை வருஷம் மாட்டைத் தடவிக்கொடுத்தே உள்ளே சேர்த்துவைத்த கோபமாகவும் இருக்கலாம். சிகப்பாயியின் ஒரு வார்த்தை என்று நான் நினைப்பதுண்டு. வைக்கோல் போரை நினைத்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். வைகாசியில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பந்தியில் இடம் கொடுத்து, குடிக்கத் தண்ணீர் வைக்கும்போது சிகப்பாயி, "சாமி, இதுல வாயை மட்டும் வைங்க" என்றாள். அதற்குப் பிறகு வாழ்க்கை முழுவதும் நான் போகிற இடமெல்லாம் அந்தக் கதை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னால் திருமயம் பக்கம் பெண் பார்க்கப் போனபோது அங்கேயும் தெரிந்திருந்தது. இன்றைக்கும் நான் ஒரு தும்மல் போட்டால் போதும், அடுப்படியிலிருந்து என் சம்சாரம், வந்திருக்கது யாருன்னு தெரியணும் என்பாள். பேரப்பிள்ளைகள் குலவை போடும்.

அன்று மாலை கிடாக்கறிச் சோறு கிடைத்தது. ஆனால் சாமி மலையேறியதும் கம்பவுண்டர் தன் நியாயத்தை நிலைநாட்ட, இலையில் உட்காரப்போன என்னைப் பிடித்து, நாலு பேர் முன்னிலையில் கொயினா மருந்தை வாயில் ஊற்றிவிட்டார். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு கண்ட கறிச்சோறு வேப்பங்காயாகக் கசந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று தடவையும் கசந்தது.

மறுநாள் காலையில், சாமி சொன்ன தண்டனைப்படி, வேளார் என்னை அவருடைய மண் குழிக்கு அழைத்துப் போனார். பிடிமண்ணைக் கும்பிட்டுக் குழியில் கலந்தார். இரண்டு குதிரைக்கு வேண்டிய களிமண் முழங்கால் ஆழத்துக்கு ஊறிக் கிடந்தது. அதைக் கல், கட்டி இல்லாமல் மிதித்துப் பதமாக்க வேண்டும். மூன்று வேளைச் சோறு, சூளை ஓரம் படுக்கை. நான் கேட்காமலேயே கிடைத்த முதல் வேலை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். களிமண் சில்லென்று காலைப் பிடித்தது.

வேளார் கரையில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, அந்த நடுக்கம் திரும்ப எப்போது வரும் என்று கேட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டே, நாளைக்கு உச்சிப்பொழுதில் என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார். "அந்நேரம் மண்ணுக்குள்ளயே நின்னுக்க. தன்னால மிதிபடும்."